ஷட்டர் பூட்டிய ஞாயிறு: ஓய்வுநாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு டவுனில் புத்தகம், கொப்பி விற்று, ஃபோட்டோகொப்பியும் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. சுற்றிவர டியூசன் வகுப்புகள். ஞாயிறுதான் மெசின் சூடு ஆறாமல் ஓடும் நாள். அந்த ஞாயிற்றில் ஆறு வருடமாக நாங்கள் திறப்பதில்லை. பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திங்கட்கிழமை வந்து ஏதாவது கேட்பார்கள். பிறகு எங்கள் சபையில் ஒருநாள் இதைப்பற்றிப் பேச வைத்தார்கள். அன்றிலிருந்து கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும்கூட அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். பதில்கள் என்னுடையவை. நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை.

ஓய்வுநாள் எண்டா ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போறதுதானே?

போவது நல்லது. ஆனால் கட்டளை அங்கே தொடங்கவில்லை. 'சபாத்' என்ற எபிரேயச் சொல்லின் வேர் 'நிறுத்து' என்பதுதான். ஆறு நாள் வேலை செய், ஏழாம் நாள் நிறுத்து. பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் காரணம் படைப்பு: ஆறு நாளில் உண்டாக்கிய தேவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை நினை. அடிமைக்கு நிறுத்துகிற உரிமை இல்லை. செங்கலுக்கு வைக்கோல் கொடுக்காமலே அதே எண்ணிக்கையைக் கேட்டு, ஓய்வு கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றவன் எகிப்தின் அரசனான பார்வோன்.

இன்னுமொரு வசனம் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் வாசிக்கிறேன். யாத்திராகமம் 23:12. நீ ஏன் ஓய வேண்டும் என்பதற்கு அது சொல்லும் காரணம், உன் எருதும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்பது. முதலாளி நிறுத்தினால்தான் அவன் கீழே இருக்கிறவன் மூச்சு விடலாம். கீழே நான் எழுதுகிறதெல்லாம் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான்.

அது யூதர்ட சட்டம். நமக்கு என்னத்துக்கு?

ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டது என்று இயேசு சொன்னது மாற்கு 2:27இல் இருக்கிறது. யூதனுக்காக என்று சொல்லவில்லை. பழைய சட்டத்திலேயே 'உன் வாசல்களில் இருக்கிற அந்நியனுக்கும்' அந்த நாள் உரியது. நாம் வாசலில் நின்ற அந்நியர் என்று வைத்துக்கொண்டாலும் நமக்குப் பங்கு இருக்கிறது.

சனியா, ஞாயிறா? எது சரி?

யூதர்களுக்கு வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி மறைவு வரை. ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனிதான் கைக்கொள்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதலின் நாளான ஞாயிற்றில் கூடினார்கள். கி.பி. 321இல் உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் ஞாயிறை ஓய்வு நாளாகச் சட்டமாக்கினான். இதற்காகச் சண்டை பிடிப்பவர்களோடு நான் சேருவதில்லை. ஒரு நாளை ஒருவன் விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாய் இருக்கட்டும் என்று ரோமர் 14 சொல்கிறது. எனக்கு அது போதும்.

ஒரு நாள் ஓய்ஞ்சா மிச்ச நாள் இன்னும் நல்லா வேலை செய்யலாமாம். ட்ரெயினிங் ஒண்டில சொன்னாங்க. நீங்க சொல்றதும் அதானே?

இல்லை. இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஏனென்றால் நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கடையில் வவுணதீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து வேலை செய்த பிள்ளை ஒன்று இருந்தது. ஏழு நாளும் வரும். ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு மணி இருக்கும். உயர்தர வகுப்பொன்றுக்கு நாற்பது செட் நோட்ஸ் அடிக்க வேண்டும். பார்த்தால் பிள்ளை மெசினில் சாய்ந்து, சூடான மூடியில் ஒரு கையை வைத்தபடி நின்றவாக்கிலேயே நித்திரை. தாள் மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது. தட்டி எழுப்பினேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். 'குடிச்சிட்டு மிச்சத்த முடி மகள்' என்றேன். எனக்கு நல்ல மனசு என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்தத் தேத்தண்ணி நாற்பது செட்டும் முடிவதற்காகக் கொடுத்த தேத்தண்ணி என்பது இரவு படுக்கப் போகும்போதுதான் விளங்கியது. மெசினுக்கு டோனர் போடுவது மாதிரி.

நன்றாக உழைப்பதற்காக ஓய் என்றால், ஓய்வும் உழைப்பின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அப்படியானால் களைப்பே வராத மெசினுக்கு ஓய்வு தேவையில்லை, வேலைக்கு இனி உதவாத கிழவருக்கும் தேவையில்லை. கட்டளையில் அந்தக் கணக்கு இல்லை. எருதுக்கும் அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கும் அந்த நாள் சும்மா கொடுக்கப்பட்டது. திங்கட்கிழமை அவை கூடுதலாக உழுததா என்று யாரும் பார்க்கவில்லை.

நான் பூட்டினா பக்கத்துக் கடைக்காரன் என்ட ஆக்களப் பிடிச்சிருவான். நட்டத்த ஆர் தாற?

யாரும் தரமாட்டார்கள். கடையைப் பூட்டு, கடவுள் இரட்டிப்பாய்த் தருவார் என்று பேசுகிறவர்கள் உண்டு. என் அனுபவம் அப்படி இல்லை. முதல் மூன்று மாதமும் மாத வருமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிறகு சில வகுப்பு மாஸ்டர்மார் சனிக்கிழமையே நோட்ஸ் கொண்டுவரப் பழகினார்கள். போனதில் பாதி திரும்பியது, மற்றப் பாதி இன்னும் வரவில்லை. கடையைப் பின்பக்கம் பெருப்பிக்கும் திட்டமும் அப்படியே நிற்கிறது. இதை மறைத்துக்கொண்டு உங்களைப் பூட்டச் சொன்னால் அது ஏமாற்று.

ஆனால் தனியாகப் பூட்டுவது கஷ்டம் என்பது வேதாகமத்துக்கும் தெரியும். நெகேமியா 13ஐ வாசித்துப் பாருங்கள். தீரு பட்டணத்து வியாபாரிகள் எருசலேமுக்குள் மீன் கொண்டுவந்து ஓய்வுநாளில் விற்கிறார்கள். அப்போது அங்கே ஆளுநராக இருந்த நெகேமியா கடை கடையாய்ப் போய்ப் புத்தி சொல்லவில்லை. பொழுது படும்போது பட்டணத்து வாசலையே பூட்டச் சொன்னார். வியாபாரிகள் ஒன்றிரண்டு தரம் வெளியிலே கிடந்து பார்த்தார்கள், அவர் எச்சரித்த பிறகு வராமல் விட்டார்கள். வாசல் எல்லோருக்கும் பூட்டியிருந்தால் ஒருவன் மற்றவனின் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு தெருவில் ஒரே தொழில் செய்கிற நாலு பேர் பேசி முடிவெடுத்தால் நட்டம் பெரும்பாலும் ஒருவருக்கும் இல்லை, சாமான் வாங்குகிற சனம் முதல்நாள் வாங்கும். எங்கள் தெருவில் நான் பேசிய மூன்று பேரில் ஒருவர் சம்மதித்தார். மற்ற இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. லோன் கட்டுகிறவர்கள்.

நாங்க நாட்கூலி. ஒரு நாள் இரிந்தா உலை வைக்க ஏலா. எங்களுக்கும் இதச் சொல்லுவீங்களா?

உங்களுக்குச் சொல்லவில்லை. உங்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு வானத்திலிருந்து விழுந்த கதையை (யாத்திராகமம் 16) கவனியுங்கள். சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்பட முன்பே அது நடக்கிறது. நாளுக்கு ஆளுக்கு ஒரு ஓமர் (அந்தக் காலத்து அளவு). மறுநாளுக்கு வைத்தால் புழுத்துவிடும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு ஓமர் கிடைக்கிறது, அது புழுக்கவுமில்லை. முதலில் இரண்டு நாள் சாப்பாடு, பிறகுதான் 'ஏழாம் நாள் வெளியே போகாதே' என்ற சொல். சாப்பாட்டைக் கொடுக்காமல் ஓயச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

நம்முடைய நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் அதே வழியில்தான் நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, கிழமையில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஒரு முழு நாளும் ஒரு அரை நாளும் சம்பளத்தோடு லீவு உண்டு. சம்பளத்தோடு என்பதுதான் முக்கியம். கடையில் நிற்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இது தெரியாது, நாம் சொல்வதுமில்லை. நானும் பல வருடம் சொல்லாமல் இருந்தவன்தான். மேலே எழுதிய பிள்ளைக்கு இப்போது ஞாயிறு லீவு, சம்பளம் குறைக்காமல். என்னுடைய நட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

மேசன், கூலி, வயல் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் ஆறு நாள் வேலை வாங்கினால் ஆறாம் நாள் பின்னேரமே கணக்கு முடித்துக் காசைக் கையில் கொடுங்கள். 'திங்கள் வா, தாறன்' என்றால் அந்த ஞாயிறு அவர் வீட்டில் பட்டினி ஞாயிறு.

கொரோனா நேரமும், பெற்றோல் லைன்ல நிண்ட நேரமும் வேலை இல்லாம எத்தனை நாள் சும்மா இரிந்தம். அது ஓய்வு இல்லையா?

2020இல் ஊரடங்கு, 2022இல் வரிசையும் கரண்ட் வெட்டும். கை சும்மா இருந்தது, நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. வேலை பறிபோவது வேறு, வேலையை நிறுத்துவது வேறு. நாளைக்கு வேலை இருக்கிறது, இன்றைக்குச் சோறும் இருக்கிறது என்றால்தான் ஒருவரால் ஓய முடியும். முந்திய பதிலில் இரண்டு ஓமர் என்று சொன்னது இதைத்தான்.

வெள்ளாமை வெட்டு நேரம் மழை இருட்டிக்கிட்டு வருது. மெசின் கிடைச்சதே ஞாயிற்றுக்கிழமைதான். விடுறதா?

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது. என்னை மிகவும் யோசிக்க வைத்த கேள்வி. ஏனென்றால் யாத்திராகமம் 34:21 விதைப்பிலும் அறுப்பிலும்கூட ஓய்ந்திரு என்று நேராகவே சொல்லிவிட்டது. மாறாக, கொன்ஸ்தந்தீனின் 321 சட்டம் பட்டணத்தாரை ஓயச் சொல்லி, விவசாயிகளை விட்டுவிட்டது, பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்று. வேதாகமத்தைவிடப் பேரரசன் இளகியிருக்கிறான்!

மாசி மழையில் சாய்ந்த வெள்ளாமையைப் பார்த்தவன் நான். தண்ணிக்குள் கிடந்த கதிர் நாலு நாளில் முளைத்துவிடும். ஒரு போகம் போனால் உரக்கடைக் கடனும் குத்தகையும் அடுத்த போகத்துக்கு ஏறும். ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த ஆட்டைத் தூக்கி விடமாட்டீர்களா என்று இயேசு கேட்டார் (மத்தேயு 12). மழை வந்து நிற்கும் வயல் குழியில் விழுந்த ஆடுதான். வெட்டுங்கள். ஆனால் குழியில் விழாத ஆட்டையும் ஒவ்வொரு கிழமையும் குழியில் விழுந்தது என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு கதை. அந்த விவசாயி அன்றைக்கு வெட்டினார், மெசின்காரப் பொடியனுக்கும் மூட்டை தூக்கினவர்களுக்கும் திங்கட்கிழமை கூலியோடு ஓய்வு கொடுத்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரில நிக்கிற ஆக்கள் என்ன செய்ற?

நிற்கட்டும். பதினெட்டு வருடம் கூனியிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார் (லூக்கா 13). உயிரைக் காப்பது ஓய்வுநாளைவிடப் பெரிது என்று யூத ரபிமாரும் சொல்கிறார்கள். நர்ஸ்மாருக்கு வேறொரு நாள் உண்மையில் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்முடைய வேலை.

அப்ப ஆளுக்கொரு நாள் மாறி மாறி லீவு குடுத்தாச் சரிதானே? ஏன் எல்லாருக்கும் ஒரே நாள்?

சோவியத் ரஷ்யாவில் இதைச் செய்து பார்த்தார்கள். 1929இல், ஆலை ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஐந்து நாள் கிழமை கொண்டுவந்தார்கள். தொழிலாளரை ஐந்து கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு நிறம். நாலு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு, ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு வேறு நாள். எண்ணிப் பார்த்தால் ஏழு நாள் கிழமையைவிட ஓய்வு அதிகம். இருந்தும் சனம் முறைப்பட்டது: புருசனுக்கு ஒரு நாள், பெண்சாதிக்கு இன்னொரு நாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் தனியே குந்தியிருக்க எதற்கு லீவு? 1931இல் அதை மாற்றினார்கள். 1940இல் ஏழு நாள் கிழமையும் ஞாயிறும் திரும்பி வந்தன.

நம் ஊரில் இன்றைக்கு ரோஸ்டர் என்ற பெயரில் அதே ஐந்து நிறம் நடக்கிறது. கடைக்குச் செவ்வாய் லீவு, கார்மென்ட்ஸ் வேலைக்கு ஞாயிறு, ஓட்டோக்காரருக்கு எப்போதோ. ஒரு வீட்டில் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாள் எது என்று கேட்டால் செத்தவீட்டைச் சொல்கிறார்கள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இடுப்பு முறியிற. அவருக்கு லீவு, பிள்ளையளுக்கு லீவு. எனக்கு எப்ப?

இதை முதலில் கேட்டது என் மனைவி. ஷட்டரைப் பூட்டிய முதலாவது ஞாயிறு, நான் கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசிக்கிறேன். உள்ளே அம்மியில் கறிக்கு அரைக்கிற சத்தம். எல்லோரும் வீட்டில் நிற்பதால் கோழி, இரண்டு மரக்கறி, பாயாசம். அவளுக்கு அன்றைக்கு இரண்டு மடங்கு வேலை.

கட்டளையில் யார் யார் ஓய வேண்டும் என்ற வரிசை இருக்கிறது: நீ, குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன். மனைவி எங்கே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மனைவிக்கு ஓய்வில்லை என்பதற்காக விட்டதாக எனக்குத் தெரியவில்லை. வேலைக்காரிக்கே ஓய்வு என்றால் மனைவி எப்படி அடுப்படியில் நிற்பாள்? தமிழில் 'நீ' என்ற சொல்லுக்கு ஆண் பெண் பேதம் இல்லை. மனைவி அந்த 'நீ'க்குள் இருக்கிறாள் என்றே நான் வாசிக்கிறேன், கணவனுக்குப் பக்கத்தில், சரிசமமாக.

எங்கள் வீட்டில் இப்போது இப்படி. சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் சேர்ந்து மீன்குழம்பு வைப்போம், அது மறுநாள்தான் இன்னும் ருசி. சோற்றில் ஒரு பகுதிக்குத் தண்ணி ஊற்றி வைத்தால், ஞாயிறு காலையில் பழஞ்சோறும் கட்டித் தயிரும் சின்ன வெங்காயமும். பாத்திரம் கழுவுவது நானும் மகனும். முதல் ஒரு மாதம் மனைவிக்குக் கை சும்மா இருக்கவில்லை, அலுமாரியைத் திறந்து உடுப்பு மடிக்கத் தொடங்கிவிடுவாள். இப்போது முற்றத்து மாமரத்தடியில் பாய் போட்டுப் படுக்கிறாள். சொந்தக்காரர் வந்தால் 'என்ன, சமைக்கல்லயா?' என்று முகம் சுளிப்பார்கள். அதையும் தாங்கத்தான் வேண்டும்.

பிள்ளைக்கு ஸ்கொலசிப் சோதினை வருது. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்புக்கு விடுறாங்க. நான் விடாட்டிப் பிள்ள பின்னுக்குப் போயிராதா?

போகலாம். ஐந்தாம் தரப் பிள்ளைகளைக் கடையில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலை ஆறரைக்குத் தாயின் கையைப் பிடித்தபடி வருவார்கள், கண் வீங்கியிருக்கும், ஒரு கையில் மாதிரி வினாத்தாள், மறுகையில் பணிஸ். பத்து வயது. கட்டளையின் வரிசையில் நீ என்ற சொல்லுக்கு அடுத்ததாக, வேலைக்காரனுக்கும் முன்பு, குமாரனும் குமாரத்தியும்தான் நிற்கிறார்கள். வேலை செய்யாத பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கட்டளை என்று யோசித்த காலம் இருந்தது. இப்போது அந்தச் சந்தேகம் இல்லை.

அந்த வகுப்புகளுக்கு நோட்ஸ் அடித்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, ஆகவே மாஸ்டர்மாரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் மகளை ஞாயிறு வகுப்புக்கு விடவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் புள்ளி வந்தது. அந்த ஞாயிறுகளால் வந்ததா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சைக்கிள் ஓடப் பழகியது அந்த வருடத்து ஞாயிறுகளில்தான், கல்லடிக் கடற்கரையில்.

காத்தான்குடில வெள்ளி, நமக்கு ஞாயிறு, இடையில போயா. ஒரே நாள் எண்டு எதச் சொல்லுவீங்க?

எங்கள் பகுதிக்கே உரிய கேள்வி. போயா என்பது நிலாக் கணக்கில் வரும் பௌத்தர்களின் புனித நாள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் முஸ்லிம்களின் வெள்ளித் தொழுகையான ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். குர்ஆனின் 62ஆம் அத்தியாயம், தொழுகைக்கு அழைத்தால் வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்றும் சொல்கிறது. ஆகவே அது முழுநாள் ஓய்வு இல்லை. ஆனால் சனம் நிறைய நிற்கிற நேரத்தில் கடையை இழுத்துப் பூட்டுகிற அந்தத் துணிவை நான் அவர்களிடமிருந்துதான் கண்ணால் பார்த்துப் படித்தேன்.

நாள் மாறினாலும் ஊர் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிறு வேலை நாள். நிலாவின் நாலு போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய அரை நாளுமே வார லீவு. நிலாக் கணக்கு என்பதால் ஒரு கிழமைக்கு ஏழு நாள், இன்னொரு கிழமைக்கு எட்டு நாள் என்று வரும். வெளிநாட்டு வியாபாரம் அதோடு ஒத்துப்போகவில்லை, ஞாயிறு திரும்பியது. நாம் அனுபவிக்கிற ஞாயிறு லீவு நம்முடைய பக்தியால் மட்டும் வந்ததில்லை, வியாபாரம் கேட்டதால் திரும்பியது. வியாபாரமே நாளைக்கு அதை வேண்டாம் என்றால் என்ன செய்வோம் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

கடையப் பூட்டினாலும் போன் அடிச்சிட்டே இரிக்கு. வாட்ஸ்அப்ல ஓடர் வருது. மனசு ஓயுதில்லயே?

வேதாகமத்தில் ஆமோஸ் 8இல் சில வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாளில் கடை பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் இது எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கலாம், தராசில் கள்ளம் பண்ணலாம் என்று உள்ளே கணக்குப் போட்டபடி இருக்கிறார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் சனி இரவு கடைப் போனை அணைத்து, கடை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். பையில் இருந்தால் எனக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

நீங்க பூட்டுறீங்க, சரி. ஆனா ஞாயிற்றுக்கிழமை பஸ்ல போறீங்க, கடைல தேத்தண்ணி குடிக்கிறீங்க. அவங்க உழைக்கிறதாலதானே நீங்க ஓயிறீங்க?

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பொடியன் கேட்டான். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். கரண்ட், தண்ணி, பஸ் எல்லாம் யாரோ ஒருவர் நின்றுதான் நமக்கு வருகிறது. யாத்திராகமம் 23:12ஐ வாசித்துக்கொண்டு இதைத் தட்டிக் கழிக்க முடியாது. எல்லாவற்றையும் என்னால் நிறுத்தவும் முடியாது.

ஒன்றைச் செய்து பார்த்தேன். ஆராதனை முடிந்து நாங்கள் இருபது பேர் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடைக்காரரிடம் போய், 'ஞாயிற்றுக்கிழமை எதுக்காகத் திறக்கிறீங்க அண்ணன்?' என்று கேட்டேன். 'நீங்க எல்லாம் வாறதாலதான் தம்பி. இல்லாட்டி எட்டு மணியோட பூட்டிட்டு வீட்ட போயிருவன்' என்றார். அந்த இருபது தேத்தண்ணிக் காசு அவருக்கு முக்கியமா என்றும் கேட்டேன். சிரித்துவிட்டு, 'சனிக்கிழமை ஆளுக்கு ரெண்டாக் குடிங்க' என்றார். இப்போது ஞாயிறில் ஒரு பெரிய பிளாஸ்கில் வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுபோகிறோம். இந்த மாதம் ஊற்றுகிற முறை என்னுடையது.